அழகில்லாமல் வென்ற ஏழு ஆட்டங்கள்: 2014இல் ஸ்பர்ஸின் முதல் சுற்று

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் 2014ஆம் ஆண்டின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எல்லாரும் நேரே இறுதித் தொடருக்குத்தான் போய்விடுகிறார்கள். மயாமி ஹீட் அணியை 4-1 என்று வீழ்த்திய அந்த ஐந்து ஆட்டங்களும், எவர் கையிலும் தங்காமல் சுழன்றுகொண்டே இருந்த பந்தும் கூடைப்பந்து ரசிகர்களின் நினைவில் அழியாமல் நிற்கின்றன. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பு, இதே அணி முதல் சுற்றில், மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்திலிருந்த டல்லாஸ் மேவரிக்ஸிடம், நான்கு வெற்றி தேவைப்படும் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம்வரை மாட்டிக்கொண்டு விழித்ததைச் சொன்னால், "கொஞ்சம் தடுமாறினார்கள், பிறகு சுதாரித்துக்கொண்டார்கள்" என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. நட்சத்திர ஆட்டக்காரர் டிம் டங்கன் காலத்திலிருந்து இந்த அணியைப் பின்தொடரும் எனக்கு இந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. அந்தத் தொடரில் ஸ்பர்ஸ் தடுமாறவில்லை. அவர்களுடைய புகழ்பெற்ற ஆட்டமுறையே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதைப் பறிகொடுத்த நிலையிலும், அழகென்று சொல்ல முடியாத பழைய பாணியில் ஆடித்தான் அவர்கள் கரையேறினார்கள் என்பதே என் கணிப்பு.

முதலில் அந்தப் பருவத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 62 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கில் லீக்கிலேயே முதலிடம். இடையில் 19 ஆட்டங்கள் தொடர்ச்சியாக வெற்றி. அணியில் ஒருவர்கூடச் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 30 நிமிடங்கள் களத்தில் நிற்கவில்லை. அந்த அளவுக்குப் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் வேலையைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார். அதிகப் புள்ளி எடுத்த டோனி பார்க்கரின் சராசரியே 17ஐத் தொடவில்லை. ஆனால் அசிஸ்ட்டுகளிலும் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்) மூன்று புள்ளி எறிதல்களின் துல்லியத்திலும் லீக்கில் அவர்களுக்கு நிகரில்லை. எதிரே நின்ற டல்லாஸ் 49 ஆட்டங்களில் வென்று தட்டுத்தடுமாறி உள்ளே வந்த அணி. மேற்குப் பிரிவு அந்த ஆண்டு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு, 48 ஆட்டங்களில் வென்ற ஃபீனிக்ஸுக்குப் பிளே-ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளில் இடமே கிடைக்கவில்லை என்பது ஒன்றே போதும். எனினும் டல்லாஸை அந்தப் பருவத்தில் சந்தித்த நான்கு முறையும் ஸ்பர்ஸ்தான் வென்றிருந்தது. ஆகவே நான்கு அல்லது ஐந்து ஆட்டங்களில் கதை முடியும் என்றுதான் பெரும்பாலோர் எழுதினார்கள்.

ஸ்பர்ஸ் ரசிகர்கள் மட்டும் அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. 2011இல் 61 வெற்றிகளோடு முதலிடத்தில் நின்றபோது, எட்டாம் இடத்து மெம்ஃபிஸ் எங்களை ஆறு ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பியது. 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 28 விநாடிகள் மீதமிருக்க ஐந்து புள்ளி முன்னிலையிலிருந்து, ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்த ஒரு பந்தில் கோப்பை கைநழுவிப் போனது. டல்லாஸோடு தனிக் கணக்கும் உண்டு. 2006இல் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி முன்னிலை இருந்தும், கூடைக்குள் பந்தைப் போட எழும்பிய டல்லாஸின் டிர்க் நோவிட்ஸ்கியை எங்கள் மனு ஜினோபிலி தேவையின்றித் தொட்டுத் தவறிழைத்தார். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் டல்லாஸ் வென்றது. இந்த நினைவுகளைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் தொடரைப் பார்க்க உட்கார்ந்தோம்.

டல்லாஸின் பயிற்சியாளர் ரிக் கார்லைல் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்பர்ஸின் தாக்குதல் எப்படி இயங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். பார்க்கர் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருவார். டங்கனோ தியாகோ ஸ்ப்ளிட்டரோ வந்து ஸ்க்ரீன் போட்டு அவரைத் தடுப்பவரின் வழியை மறிப்பார்கள். அந்த ஒரு நொடியில் பார்க்கர் உள்ளே புகுந்துவிட்டால், அவரை நிறுத்த இரண்டு பேர் வந்தாக வேண்டும். இரண்டு பேர் ஒருவரிடம் போனால் மற்ற நால்வரைத் தடுக்க மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். மூலையில் நிற்கும் டேனி கிரீனையோ கவாய் லெனர்டையோ விட்டுவிட்டு யாராவது உதவிக்கு நகர்வார்கள்; பந்து உடனே அந்த மூலைக்குப் போகும். அங்கே இன்னொருவர் ஓடிவந்தால், பந்து அவர் விட்டுவந்த ஆளிடம் போகும். பார்ப்பவர்களை மெய்ம்மறக்கச் செய்த அந்தச் சங்கிலி முழுவதற்கும் முதல் கண்ணி ஒன்றுதான்: பந்தை வைத்திருப்பவரிடம் இரண்டு பேர் வர வேண்டும்.

கார்லைல் இரண்டு பேரை அனுப்பவே இல்லை. ஸ்க்ரீன் வந்தால், தடுக்கும் இருவரும் முடிந்தவரை தாங்கள் தடுக்கும் ஆளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். மூலையில் நிற்பவரைத் தடுப்பவர் எக்காரணம் கொண்டும் அவரைவிட்டு நகரவில்லை. பார்க்கரும் டங்கனும் ஜினோபிலியும் தனியாளாக நின்று இரண்டு இரண்டு புள்ளியாக எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கக்கூடாது என்பதே திட்டம். பத்துப் பேராக வாழ்ந்த அணியை மூன்று பேராகச் சுருக்கிவிட்டார் அந்த மனிதர். எதிரணிப் பயிற்சியாளராக இருந்தாலும் இந்த யோசனையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். ஸ்பர்ஸ் 90-85 என்று வென்றது. அந்த 90இல் டங்கன் 27, பார்க்கர் 21, ஜினோபிலி 17, மூவருமாக 65. மற்ற எல்லாரும் சேர்ந்து 25. உள்ளே விழுந்த மூன்று புள்ளி எறிதல்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம் என்ற நிலை. நான்காம் கால்பகுதியில் டல்லாஸ் பத்துப் புள்ளி முன்னிலையில் இருந்தது என்பதையும், பிறகு அவர்களுக்குப் பந்து உள்ளே விழ மறுத்ததால்தான் ஸ்பர்ஸ் மீண்டது என்பதையும் வெற்றி மறைத்துவிட்டது. அந்த ஆட்டத்தில் உண்மையிலேயே பாராட்டுக்குரியவர் ஸ்ப்ளிட்டர். நோவிட்ஸ்கியின் உடலோடு ஒட்டி நின்று, அவர் பின்னால் சாய்ந்து எறியும் அந்தப் புகழ்பெற்ற எறிதலுக்கு ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி, 14 முயற்சிகளில் நான்கை மட்டுமே விட்டுக்கொடுத்தார். தொடர் முழுக்க நோவிட்ஸ்கியின் சராசரி 19 புள்ளி அளவிலேயே நின்றதற்கு இவரே முதற்காரணம். ஸ்ப்ளிட்டரைப் பற்றி அந்த நாட்களில் பலரும் இளக்காரமாகப் பேசுவார்கள். இந்தத் தொடரை அவர்கள் முழுமையாகப் பார்த்தார்களா என்பது ஐயமே.

ஏப்ரல் 22 அன்று பாப்பவிச்சுக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அறிவிக்கப்பட்டது. மறுநாள் சொந்த ஊரிலேயே அவருடைய அணி 113-92 என்று உதை வாங்கியது. ஸ்பர்ஸ் அன்று 24 முறை பந்தை எதிரணியிடம் இழந்தது. பலரும் இதைக் கவனக்குறைவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கமாகத் திறந்திருக்கும் இடத்தில் ஆள் திறந்திருப்பார் என்ற நம்பிக்கையில், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கை பந்தை அனுப்பிவிடுகிறது. அந்த இடத்தில் டல்லாஸ்காரர் நிற்கிறார். ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கமே பகையாக மாறிய ஆட்டம் அது. அன்று ஜினோபிலி 27 புள்ளி எடுத்தார் என்பதும் கார்லைலின் திட்டத்துக்குள் அடங்கிய செய்திதான்.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது இன்றும் மனம் கசக்கிறது. டல்லாஸில் நடந்த அந்த ஆட்டம் முழுக்க எதிரணியின் மான்ட்டே எல்லிஸின் வேகத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. 29 புள்ளி எடுத்தார். ஆனாலும் முடிவில் ஜினோபிலி கூட்டத்துக்குள் வளைந்து புகுந்து, பந்தைக் கண்ணாடிப் பலகையில் தட்டிப் போட, 108-106 என்று ஸ்பர்ஸ் முன்னிலை. மீதமிருந்தது 1.7 விநாடி. டல்லாஸ் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிகிறது. இடது மூலையில் வின்ஸ் கார்ட்டர் வாங்குகிறார். எதிரே ஜினோபிலி. கார்ட்டர் எறிவதுபோல் பந்தை ஒருமுறை உயர்த்திக் காட்டுகிறார்; ஜினோபிலி எழும்பிவிடுகிறார். அவர் இறங்கும் நேரத்தில் கார்ட்டர், குதிகால் எல்லைக்கோட்டில் பட்டுவிடாமல், பாதம் மூன்று புள்ளிக் கோட்டையும் மிதித்துவிடாமல், அந்தக் குறுகிய பட்டையில் நின்றபடியே எறிகிறார். நேரம் முடிந்து பலகையின் விளிம்பு சிவப்பாக ஒளிரும்போது பந்து காற்றில் இருக்கிறது. 109-108. நடுவர்கள் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் மாற்ற எதுவும் இல்லை.

இரண்டு புள்ளி முன்னிலையும் இரண்டு விநாடிக்குக் குறைவான நேரமும் இருக்கும்போது, போலி அசைவுக்கு எழும்பக்கூடாது என்பது பாடப்புத்தக விதி. 2006இலும் ஜினோபிலி, 2014இலும் ஜினோபிலி. ஆனால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வராது. முன்னிலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அந்த அணியில் எதையும் துணிந்து செய்யும் ஒரே ஆளும் அவர்தான், துணிகிறவருக்குத்தான் இப்படியான விபத்துகளும் நேரும். கார்ட்டரைப் பொறுத்தவரை ஒரு துணைச்செய்தி: 2001இல் டொரான்டோ அணிக்காக, பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கடைசி எறிதலைத் தவறவிட்டதற்காக ஆண்டுக்கணக்கில் வசை வாங்கியவர் அவர். 37 வயதில், அணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, அந்தக் கடனை எங்கள் தலையில் வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

ஸ்பர்ஸ் 2-1 என்று பின்தங்கிய நிலையில், நான்காவது ஆட்டம் டல்லாஸில். அதில் 20 புள்ளி முன்னிலையைப் பெற்று, அதையும் முழுதாகக் கரைத்தார்கள். அங்கே தோற்றிருந்தால் 3-1; அந்த ஆண்டுக் கதையே வேறாகியிருக்கும். அதைத் தடுத்தவர் போரிஸ் டியாவ். என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் திருப்புமுனை கார்ட்டரின் எறிதலும் அல்ல, ஏழாவது ஆட்டமும் அல்ல. டியாவ் எவ்வளவு தேவை என்பதை ஸ்பர்ஸ் உணர்ந்த இந்த மாலைதான்.

காரணம் எளிது. ஆள்மாற்றித் தடுக்கும் அணிக்கு ஒரு பலவீனம் உண்டு: சில நேரம் குள்ளமான ஆட்டக்காரர் பெரிய ஆளிடம் மாட்டிக்கொள்வார். அதைப் பயன்படுத்த, முதுகைக் காட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போகவும் தெரிய வேண்டும், உதவிக்கு ஆள் வந்தால் அந்தக் கணத்தில் சரியான இடத்துக்குப் பந்தை அனுப்பவும் தெரிய வேண்டும், வெளியே நின்றால் எறியவும் தெரிய வேண்டும். மூன்றும் தெரிந்த பெரிய உடம்புக்காரர் டியாவ் ஒருவர்தான். விளையாட்டு வீரர் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத உடல்வாகு. வேகமும் இல்லை, எழும்பலும் இல்லை. 2012இல் சார்லட் அணி வேண்டாம் என்று கழற்றிவிட்ட ஆள். நடுவில் நின்றுகொண்டு, கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை பார்க்கும் பெரியவர்போல், அவசரமே இல்லாமல் யாருக்கு என்ன போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்புவார். அன்று 17 புள்ளி எடுத்தார். கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமனில் நின்றபோது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்தது முன்னிலையைத் தந்தது. 93-89. தொடர் 2-2.

அதே ஆட்டத்தில், முந்தைய ஆண்டுவரை ஸ்பர்ஸுக்கு ஆடிய டிஹுவான் பிளேர், தரையில் விழுந்து கிடந்த நிலையில் ஸ்ப்ளிட்டரின் தலையில் உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆட்டத்துக்கும் அவருக்குத் தடை விழுந்தது. டல்லாஸின் உட்பகுதியில் இருந்த முரட்டு வலு அதனால் குறைந்துபோக, ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்ப்ளிட்டர் 17 புள்ளியும் 12 ரீபவுண்டும் (கூடைக்குள் விழாத எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். ஸ்பர்ஸ் 109-103 என்று வென்றது. கார்ட்டர் 28, நோவிட்ஸ்கி 26 எடுத்தும் போதவில்லை. இந்த வெற்றியை நான் பெரிதாகக் கொண்டாடவில்லை. எதிரணியின் ஒரு முக்கிய ஆள் இல்லாத நாளில் ஆறு புள்ளியில் வெல்வது ஒன்றும் அதிசயமில்லை.

ஆறாவது ஆட்டத்தில் பிளேர் திரும்பினார். டல்லாஸ் 113-111 என்று வென்றது. எல்லிஸ் மறுபடியும் 29. இங்கேதான் எனக்கு அணியின் மீது கடுமையான குறை உண்டு. எல்லிஸ் ஒரே வேலையைத்தான் செய்தார்: ஸ்க்ரீனைச் சுற்றி வேகமாக உள்ளே புகுந்தார். ஆறு ஆட்டமாகப் பார்த்தும் அதற்கு ஸ்பர்ஸ் உறுதியான தடுப்பைக் கண்டுபிடிக்கவில்லை. லெனர்டுக்கு அப்போது 22 வயது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கப்போகிறவர் என்பதற்கான அறிகுறி இந்த ஆட்டங்களில் மிகக் குறைவாகவே தெரிந்தது. மூலையில் நின்ற கிரீனோ பந்துக்காகக் காத்தே களைத்துப்போனார். அவர்களைக் குற்றம் சொல்வதா, அவர்களுக்குப் பந்து போகும் வழியை அடைத்த கார்லைலைப் பாராட்டுவதா என்றால், இரண்டாவதுதான் நியாயம். ஆனாலும் தனக்கு இடம் கிடைக்காதபோது தானே ஓடி இடத்தை உண்டாக்கிக்கொள்ளும் முனைப்பு இருவரிடமும் காணப்படவில்லை என்பதை மறைக்க முடியாது.

ஆறு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தேன். ஸ்பர்ஸ் 603, டல்லாஸ் 612. அதாவது முதலிடத்து அணியைவிட எட்டாமிடத்து அணி ஒன்பது புள்ளி அதிகம் எடுத்திருந்தது. தொடர் 3-3 என்று இருந்ததே ஸ்பர்ஸுக்குக் கிடைத்த சலுகைதான் என்று சொன்னால் எங்கள் தரப்பு ரசிகர்கள் கோபிப்பார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

மே 4 அன்று ஏழாவது ஆட்டம். இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கியதால், மறுநாள் அலுவலகம் போகிறவர்கள் பலர் முடிவை மட்டும் காலையில் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் இழந்தது முதல் பாதியை. இடைவேளையின்போது 68-46. ஆறு ஆட்டங்களில் ஐந்து ஒற்றை இலக்க வித்தியாசத்தில் முடிந்து, இழுபறியாக நகர்ந்த தொடர் அந்தப் பாதியிலேயே முடிந்துவிட்டது. பார்க்கர் 32 புள்ளி எடுத்தார். "தனியாளாக எடுத்துக்கொள்" என்று டல்லாஸ் திறந்துவைத்த வாசலில் அவர் அன்று தயங்காமல் நுழைந்தார். தடுப்பு வரிசைகட்டி நிற்கும் முன்பே பந்தை விரட்டிக்கொண்டு போய்க் கூடைக்கு அடியில் முடித்தார். ஒருவரைத் தனியாக விட்டு இத்தனை புள்ளி கொடுக்க முடியாது என்ற நிலை வந்ததும் டல்லாஸ் உதவிக்கு ஆள் அனுப்பத் தொடங்கியது. அனுப்பிய அந்த நொடியே பழைய சங்கிலி மறுபடி இயங்கியது. தொடரின் பெரும்பகுதியில் தொலைந்திருந்த கிரீனுக்கு 16 புள்ளி, லெனர்டுக்கு 15, டங்கனுக்கு 15, ஜினோபிலிக்கு 20. முடிவு 119-96.

ஸ்பர்ஸின் வெற்றியைப் "பந்தைப் பகிர்ந்ததால் வென்றார்கள்" என்று மட்டும் சொல்வது இதனால்தான் எனக்கு அரைகுறையாகப் படுகிறது. பகிர்வதற்கு முன், பகிராமலும் உங்களை வெல்ல முடியும் என்று எதிராளியை நம்பவைக்க ஒருவர் வேண்டும். தொடரின் நடுவில், ஏப்ரல் 25 அன்று, 38 வயதை எட்டிய டங்கனும், அவரைவிட ஒரு வயது இளைய ஜினோபிலியும், அவர்களைவிடச் சில ஆண்டுகள் இளைய பார்க்கரும் அந்த வேலையைத்தான் ஏழு ஆட்டங்களாகச் செய்தார்கள். அது கண்ணுக்கு அழகான ஆட்டம் அல்ல. பல நேரங்களில் 2003ஆம் ஆண்டின் ஸ்பர்ஸைப் பார்ப்பதுபோல் மந்தமாகவும் இருந்தது. தொகுப்புக் காணொளிகளில் அதற்கு இடமில்லாததில் வியப்பில்லை.

அடுத்த சுற்றில் போர்ட்லாந்து கிடைத்தது எங்கள் நல்ல நேரம். அவர்கள் ஆளை மாற்றிக்கொள்ளவில்லை. பெரிய ஆட்களைக் கூடையருகே பின்வாங்கி நிற்கவைத்தார்கள். டல்லாஸின் நெருக்கத்திலிருந்து விடுபட்டு வந்த பார்க்கருக்கு அந்த இடைவெளி மைதானம்போல் விரிந்தது. முதல் ஆட்டத்தில் அவர் 33 புள்ளி எடுக்க, ஸ்பர்ஸ் 116-92 என்று வென்றது, தொடர் 4-1. ஓக்லஹோமா சிட்டி ஆறு ஆட்டங்கள்வரை போராடியது. மயாமியின் தடுப்போ கார்லைலின் திட்டத்துக்கு நேர் எதிரானது: பந்தை வைத்திருப்பவரிடம் இரண்டு பேரைப் பாய்ந்து அனுப்பும் முறை. ஸ்பர்ஸுக்கு வேண்டியதே அதுதானே. மூன்றாவது ஆட்டத்திலிருந்து டியாவைத் தொடக்க ஐவரில் ஒருவராக இறக்கி, பாய்ந்து வந்த இருவருக்கும் பின்னால் அவரை நிறுத்தி, அங்கிருந்து பந்தைப் பிரித்து அனுப்பவைத்தார் பாப்பவிச். அந்த ஆண்டு ஸ்பர்ஸை ஏழாவது ஆட்டம்வரை இழுத்துச் சென்றது லெப்ரான் ஜேம்ஸின் மயாமியோ கெவின் டுராண்ட்டின் ஓக்லஹோமாவோ அல்ல, 49 வெற்றிகளோடு எட்டாமிடத்தில் உள்ளே வந்த டல்லாஸ்தான்.